ரெமியின் வள்ளத்தில் பேசக் கூடாது

டிசம்பர் 9, திங்கள்

இந்த நோட்டு எனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். மதுரை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற நிவேதா என்ற பெண் விடவில்லை. "இப்பவே தினமும் எழுதிப் பழகுங்க சார், அப்புறம் கஷ்டமா இருக்காது" என்றாள். என்னமோ நான் ஒத்துக்கொண்டுவிட்டதைப் போல ஒரு பேச்சு.

சரி, எழுதுகிறேன். பெயர் சேர்மத்துரை. வயது ஐம்பத்து நான்கு. ஊர் தூத்துக்குடி. தொழில் மைக்செட் வாடகைக்கு விடுவது. ஆனால் இந்தப் பக்கத்தில் யாரிடமும் மைக்செட் சேர்மத்துரை என்று கேட்டால் தெரியாது. கபடிக்கு மைக் பிடிக்கிற சேர்மன் என்று கேட்டால் வீடு வரை கூட்டிவந்து விடுவார்கள். ஆறுமுகநேரியிலிருந்து வேம்பார் வரை கபடி எங்கே நடந்தாலும் வர்ணனை நான்தான். விளையாடுகிறவன் மூச்சை விட்டாலும் நான் விடமாட்டேன் என்று நோட்டீஸிலேயே போடுவார்கள்.

தொண்டை கட்டி நாலு மாதம். கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்று நினைத்தேன். புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். எழுதிவிட்டேன், போதுமா?

குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டுமாம். கழுத்தில் ஒரு துளை போடுவார்களாம். மூச்சு அது வழியாகத்தான். வாய் சாப்பிட மட்டும். பொங்கலுக்குள் செய்யாவிட்டால் தாமதம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? மாட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

புஷ்பம் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 14, சனி

இன்று கடலுக்குப் போனோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் தூண்டில் போடப் போவது வழக்கம். ரெமிஜியுஸ் கடல்காரன், வள்ளம் அவனுடையது. மற்ற நாளெல்லாம் வலை, அந்த ஒரு நாள் மட்டும் எங்களுக்காகத் தூண்டில். இசக்கிராஜ் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் தேறாதவர்கள்.

ரெமியின் வள்ளத்தில் ஒரு சட்டம் உண்டு. தூண்டில் இறங்கிவிட்டால் யாரும் பேசக் கூடாது. மீறிப் பேசினவன் வள்ளத்தின் அடியில் சேருகிற தண்ணீரை டப்பாவால் கோரி இறைக்க வேண்டும். பாதி அறுத்த பழைய பெயிண்ட் டப்பா அது. இருபத்திரண்டு வருஷமாக அந்த டப்பா என் கையில்தான். சட்டம் போட்டதே எனக்காகத்தான். "ஏல, ஒன் வாய்க்குப் பயந்து மீனெல்லாம் சிலோனுக்குப் போவுதுல" என்பான் ரெமி. மீனுக்குக் காது எங்கே இருக்கிறது, காட்டு என்று நான் கேட்பேன். அதைக் கேட்டதற்கும் சேர்த்து இறைக்கச் சொல்வான்.

இன்று இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. புஷ்பம் சொல்லியிருப்பாள்.

தூண்டில் இறங்கியதும் நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். குரல் தகரத்தைத் தேய்க்கிற மாதிரிதான் வந்தது. ஆனாலும் விடவில்லை. தொண்ணூற்றெட்டில் குலசேகரன்பட்டினத்தில் மழையில் நடந்த பைனலைச் சொன்னேன். ரெமி டப்பாவை நீட்டவில்லை. இன்னொரு கதை சொன்னேன். இசக்கிராஜ் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கதையை அவன் ஐம்பது தடவை கேட்டவன். பாதியில் நிறுத்திவிட்டு ரெமியின் முகத்தையே பார்த்தேன். "சொல்லு மாப்ள, பெறவு?" என்றான்.

அப்புறம் அவனே டப்பாவை எடுத்துத் தண்ணீரை இறைத்தான். என்னைப் பார்க்காமல் இறைத்தான்.

டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. செத்த வீட்டில்தான் ஒருவனை இப்படி மரியாதையாக நடத்துவார்கள். மீனும் ஒன்றும் கிடைக்கவில்லை. நாலு கிளிமீன், அதுவும் விரல் நீளம்.

டிசம்பர் 16, திங்கள்

நிவேதா போன் செய்தாள். எடுக்கவில்லை.

டிசம்பர் 21, சனி

புஷ்பம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"பேச்சு இல்லாத என்னய வச்சு நீ என்ன செய்வ?"

அவள் நிமிரவில்லை. "இருவத்தெட்டு வருசம் நீங்க பேசுனீக, நான் கேட்டேன். ஒரு வார்த்த நடுவுல பேச விட்டிருப்பீகளா? எனக்கும் சொல்ல நெறைய கெடக்கு. இனி நான் பேசுதேன், நீங்க கேளுங்க."

"வெளையாடாத."

"நானா வெளையாடுதேன்? ஆளு இருந்தாத்தான பேச முடியும். படத்துக்கு முன்னால நின்னு பேசச் சொல்லுதீகளா?"

வெங்காயம் நல்ல காரம் போலிருக்கிறது. இரண்டு பேரும் எழுந்து முகம் கழுவினோம்.

டிசம்பர் 23, திங்கள்

மதுரைக்குப் போய்த் தேதி வாங்கினேன். பொங்கல் கபடி முடிந்து வருகிறேன் என்றேன். டாக்டர் கோபப்பட்டார். எனக்கும் கோபம் வந்தது. கடைசியில் ஜனவரி 20 என்று முடிவானது.

ஜனவரி 16, வியாழன்

தருவை மைதானத்துக்குப் பக்கத்தில் போட்டி. பைனல் மட்டும் நான் பேசினேன், மற்றதை வேறு ஒருவனைப் பேசச் சொன்னேன். கடைசி ரைடு. நாற்பது நொடி மிச்சம், ஒரு புள்ளி வித்தியாசம். "போறாரு, போறாரு, போனஸ் கோட்டத் தொட்டாரு, திரும்புறாரு, கால யாரோ புடிச்சாச்சி, கை நீளுது, நீளுது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தொட்டானா இல்லையா என்று சொல்ல வேண்டிய இடத்தில் குரல் நின்றுவிட்டது. வெறும் காற்று. மைக்கில் உஸ்ஸென்று கேட்டது.

கூட்டமே சேர்ந்து "தொட்டாச்சி!" என்று கத்தியது.

மைக்கை அணைத்து, ஒயரைச் சுருட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி பீரோவில் இருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

காலை ஆறு மணி. புஷ்பத்தை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

எழுத முடிகிறது. தொண்டை வழியாக இன்னும் ஒன்றும் போகவில்லை, மூக்கில் குழாய். நிவேதா வந்து இந்த நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். சொன்னேன்ல சார் என்றாள். பதில் நன்றாக வாயில் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

பிப்ரவரி 19, புதன்

வீட்டுக்கு வந்து ஐந்து நாள். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். தொண்டையில் வைத்துப் பேசுகிற மிஷின் ஒன்று உண்டு, காயம் நன்றாக ஆறியதும் பழகலாம் என்று நிவேதா சொல்லியிருக்கிறாள். அதுவரை ஒரு பிளாஸ்டிக் சிலேட்டு. எழுதிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் அழிந்துவிடுகிறது. கழுத்துத் துளைக்கு மேலே பனியன் துணியில் ஒரு மறைப்பு. புஷ்பம் ஏழு தைத்திருக்கிறாள், ஒன்றில் பூப் போட்டிருக்கிறது. அதைக் கட்டமாட்டேன் என்று எழுதிக் காட்டினேன். அதைத்தான் கட்டிவிட்டாள்.

இவள் நிஜமாகவே பேசுகிறாள். காலையில் ஆரம்பித்தால் அவள் சித்தி மகள் கல்யாணத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் நான் செய்த தப்பு வரைக்கும் போகிறாள்.

இசக்கிராஜ் தினமும் வருகிறான். ரெமி இரண்டு தடவைதான் வந்தான். வந்தவன் நின்றபடியே கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 5, புதன்

மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனேன். ரெமி வலை உலர்த்திக்கொண்டிருந்தான். காற்று இல்லை. கடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரிக் கிடந்தது. சாளை வாங்கி வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

மீன் வாங்கப் போனேன். சாளை.

மார்ச் 7, வெள்ளி

மீன் வாங்கப் போனேன். "ஏங்க, பிரிட்ஜுல மூணு நாள் சாளை கெடக்கே, தெருவுக்கே பந்தி போடப் போறீகளா?" என்று புஷ்பம் கேட்டாள். நல்ல மீன், விடக் கூடாது என்று எழுதினேன்.

மார்ச் 12, புதன்

இன்று கேட்டே விட்டேன். "சனிக்கிழமை போவோமா?" என்று சிலேட்டில் எழுதி ரெமியின் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு வாசிக்க வராது. ஆனாலும் என்ன எழுதியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"முடியாதுல" என்றான்.

ஏன் என்று கையைக் காட்டினேன்.

"தவறித் தண்ணியில விழுந்தன்னு வையி, எங்களுக்கு வாயில தண்ணி போனாத் துப்பிருவோம். ஒனக்கு நேரா நெஞ்சுக்குல்லா போவும். டாக்டர்ட்ட நானே போன் பண்ணிக் கேட்டேன். ஒன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவன் சொன்னது நியாயம்தான். நிவேதாவும் சொல்லியிருக்கிறாள், குளிக்கும்போதுகூட ஜாக்கிரதை என்று. நியாயமாக இருந்தால் கோபம் வராது என்று யார் சொன்னது? சாளைப் பையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எழுதி வைக்கிறேன். குரல் போனது போகட்டும். மைக்கை வேறு யாரும் பிடிக்கட்டும். வள்ளத்தில் பின்பக்கம், டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதே ஒரு இடம், அது என்னுடையது. அது எனக்கு வேண்டும்.

மார்ச் 15, சனி

இசக்கிராஜ் வரவில்லை. இரண்டு பேரும் போயிருப்பார்களோ? போனால் போகட்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். மாடியிலிருந்து கடல் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

அவர்கள் போகவில்லை. இசக்கிராஜ் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தானாம். என்னை விட்டுவிட்டுப் போகவேமாட்டேன் என்று ரெமி சொல்லிவிட்டானாம். அப்படியானால் இரண்டு பக்கமும் நஷ்டம். கூறுகெட்டவன்.

மார்ச் 24, திங்கள்

ரெமி கோயில் போகிற சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. கழுத்துப் பக்கத்தில் அறுத்து, நீல நூலால் சுற்றித் தைத்திருந்தது.

"கழுத்துல இடிக்கும்லா, அதான் அறுத்துட்டேன். எங்க வீட்ல அவ தச்சா. துறைமுகத்துல தெரிஞ்சவன்ட்ட கொடுத்து மிதக்கான்னு பாத்தாச்சி. நானே போட்டுக்கிட்டுக் குதிச்சேன். மொகம் மேலதான் நிக்கி" என்று என்னிடம் சொல்லாமல் புஷ்பத்திடம் சொன்னான். "டாக்டர்ட்டயும் கேட்டுட்டேன் தங்கச்சி. தண்ணி தெறிக்காம, கரைக்குப் பக்கத்துலயே, காத்து இல்லாத நாளாப் பாத்துன்னா சரின்னாரு. இப்பம் நீ சொன்னாத்தான்."

புஷ்பம் அந்தச் சட்டையை வாங்கி ஒவ்வொரு தையலாக இழுத்து இழுத்துப் பார்த்தாள். பத்து நிமிஷம் பார்த்திருப்பாள். எனக்கு மூச்சே வரவில்லை, இந்தத் துளை வழியாகக்கூட.

"எத்தன மணிக்கு அண்ணே கொண்டாந்து விடுவீக?" என்றாள்.

மார்ச் 29, சனி

களைப்புதான். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். காற்று இல்லை. மிதவைச் சட்டை போட்டு, கழுத்தில் பூப்போட்ட மறைப்பைக் கட்டி, அதற்கு மேலே ஒரு துண்டும் சுற்றி, புஷ்பம் என்னைப் பொட்டலம் மாதிரி அனுப்பினாள். கரையிலிருந்து அரை மணி நேரம்கூட ஓடவில்லை. மாதா கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் பார்த்து ரெமி எஞ்சினை நிறுத்தினான். அடியில் பாறைத் திட்டு. பார் என்று சொல்வோம். மீன் அங்கேதான் மேயும்.

கணவாயை நறுக்கி இரையாகக் கோத்துத் தூண்டிலை இறக்கினோம். எங்களுக்குக் கம்பு கிடையாது. கையில் தங்கூஸ் நூல், நுனியில் ஈயக்குண்டு, அவ்வளவுதான். மீன் தொட்டால் ஆள்காட்டி விரலுக்குத் தெரியும்.

முதல் ஒரு மணி நேரம் பெரிய கொடுமை. மீனால் இல்லை, இவன்களால். இசக்கிராஜ் அமைதியைப் பொறுக்க முடியாமல் அவனே பேச ஆரம்பித்தான். அவனுக்குப் பேச வராது. லாரிக்கு டீசல் ஊற்றினதைச் சொன்னான், அப்புறம் மறுபடியும் டீசல் ஊற்றினதைச் சொன்னான். ரெமி அவனையும் அதட்டவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, "மாப்ள, சாய்ஞ்சி இருந்துக்கோ", "மாப்ள, தண்ணி தெறிக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அடியில் சேர்ந்த தண்ணீரை அவனே இறைத்தான். டப்பா என் காலடியில்தான் கிடந்தது. என் மேல் படாமல் கையை நீட்டி எடுத்தான், எடுத்துவிட்டு எட்டத்தில் வைத்துக்கொண்டான்.

டிசம்பர் மாதம் வந்த அதே பயம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, ஆனால் விருந்தாளி இடம். இதற்காகவா ஏழு நாள் சாளை வாங்கினேன் என்று நினைத்தேன். ஆமாம், எண்ணிப் பார்த்தேன், ஏழு நாள்.

எட்டு மணி இருக்கும். ரெமி முன்பக்கம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நூலைப் பிடித்துக் குனிந்திருந்தான். அவன் தோள் இறுகிப்போயிருந்தது. ஏதோ தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கரைப்பக்கமாகத் தண்ணீர் கொதித்தது. சாளைக் கூட்டம் பயந்து துள்ளித் துள்ளி விழுகிறது, மேலே ஆலாப் பறவைகள் இறங்கி இறங்கிக் கொத்துகின்றன. அடியில் துரத்துவது பாறை மீன்தான். எனக்கு வேறு என்ன தோன்றும்? ரெமியிடம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். உடனே நினைவு வந்து உள்ளங்கையால் வள்ளத்தின் விளிம்பை ஓங்கி அடித்தேன். தடதடவென்று அடித்தேன். நிறுத்தாமல் அடித்தேன். பைனலில் கடைசி ரைடு மாதிரி அடித்தேன்.

ரெமி திரும்பாமலே கத்தினான்.

"ஏல சேர்மா! சவத்து மூதி! செத்த நேரம் வாய மூடிட்டு இருக்கமாட்டியால! மீனு தொடுதுல!"

அவ்வளவுதான். இசக்கிராஜ் கல்லாகிவிட்டான். நான் அடித்த கையைத் தூக்கியபடியே இருந்தேன். ரெமியின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு மெல்ல விறைத்தது. என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்த நேரத்தில் மீன் இழுத்துவிட்டது.

அப்புறம் யாருக்கும் எதுவும் நினைக்க நேரமில்லை. ரெமிக்கு ஒரு பாறை, என் முழங்கை நீளம். அதைத் தூக்குவதற்குள் இசக்கிராஜுக்கு ஒன்று. நங்கூரத்தை எடுத்து, நான் காட்டின பக்கம் வள்ளத்தைத் தள்ளினோம். தூண்டில் இறங்குவதற்குள் பிடித்தது. கணவாய் தீர்ந்தது. வள்ளத்துக்குள் துள்ளி விழுந்த சாளையை வெட்டிப் போட்டோம். என் நூலில் வந்த ஒன்று இரண்டு கைகளையும் அறுத்துவிட்டது. இசக்கிராஜ் எட்டிக் கை கொடுக்க வந்தான், முறைத்தேன், விலகிவிட்டான். நானே தூக்கிப் போட்டேன். பதினெட்டுப் பாறை, ஐந்து விளமீன், ஒரு கலவா. எங்கள் மூன்று பேருடைய தூண்டிலுக்கு இப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. கையிலெல்லாம் ரத்தம், செதில், ஒரே நாற்றம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மீன் கலைந்த பிறகுதான் அமைதி வந்தது. ரெமி என்னைப் பார்த்து உட்கார்ந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மாப்ள, நான் அத... வாய்தவறி வந்துட்டுல. மாதாவே. இருவத்திரெண்டு வருசப் பழக்கம். நீ மனசுல..."

நான் சிரித்தேன். என் சிரிப்பு இப்போது கழுத்து வழியாக வெறும் காற்றாகத்தான் வருகிறது. பூப்போட்ட துணி படபடவென்று அடித்தது. அவனுக்கு அது சிரிப்பு என்று புரியவில்லை. மூச்சு முட்டுகிறது என்று பயந்து எழுந்தே விட்டான். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

அவன் காலுக்குப் பக்கத்தில் கிடந்த பெயிண்ட் டப்பாவை எட்டி எடுத்தேன். மீன் துள்ளினதில் வள்ளத்துக்குள் கணுக்கால் வரை தண்ணீர். குனிந்து, துண்டை ஒரு கையால் கழுத்தோடு பிடித்துக்கொண்டு, கோரி வெளியே ஊற்றினேன்.

"ஏல விடு, ஏல, நான் எறைக்கேன். நீ உக்காரு" என்று ரெமி டப்பாவைப் பிடித்தான். நான் விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் டப்பாவை இழுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் சிலேட்டை எடுத்து எழுதி நீட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், எட்ட வைத்துப் பார்த்தான், இசக்கிராஜிடம் கொடுத்தான்.

இசக்கிராஜ் வாசித்தான். "'பேசினது நான்தானே.'"

ரெமி சிலேட்டையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கை உறிஞ்சித் துடைத்தான். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து எஞ்சின் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான்.

"அப்பம் ஒழுங்கா எறைல. அந்த மூலையில இன்னும் கெடக்கு பாரு."

கரை வரும் வரை இறைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

வலது தோளைத் தூக்க முடியவில்லை. பாறைக் குழம்பில் உப்பு தூக்கல். சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டினேன்.